பம்ப் ஓடுகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

ஃபியூவல் பம்ப் மாற்றிய பிறகு பைக் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், "ஈசியூ போயிடுச்சு" (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது) என்ற தீர்ப்பு சீக்கிரமே வந்துவிடுகிறது. எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். பிரச்சினை ஈசியூவில் இல்லை. அது எங்கே இருந்தது, எப்படிப் பிடித்தேன் என்பதை எழுதுகிறேன். இதே நிலையில் நிற்பவர்கள் ஈசியூ வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள்.

என்னுடையது ஒற்றை சிலிண்டர் இன்ஜெக்ஷன் பைக். மேட்டில் இழுக்காமல் திணறியது. ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினால் விக்கியது. பழைய பம்ப் தேய்ந்துவிட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் கண்டுபிடித்தார்கள், அது சரியான முடிவுதான். புது பம்ப் போட்டார்கள். அதன் பிறகு செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவே இல்லை. சாவியைப் போட்டதும் டேங்குக்குள் பம்ப் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. "பம்ப் ஓடுது, கரண்ட் வருது, அப்போ ஈசியூதான்" என்றார் மெக்கானிக்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. திணறிக்கொண்டாவது ஓடிவந்த வண்டி அது. கை வைத்தது டேங்குக்கு அடியில் மட்டும். அப்படியிருக்க, தொடாத ஈசியூ எப்படி அதே நேரத்தில் போகும்? மாற்றிய இடத்திலிருந்து தேட ஆரம்பிப்பதுதான் நியாயம் என்று வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

எளிதானவற்றை வேகமாகத் தாண்டினேன். செல்ஃப் சுற்றுகிறது, பம்ப்பும் ஓடுகிறது என்றால் மெயின் ஃபியூஸ், பம்ப்புக்குக் கரண்டை விடும் ரிலே, கில் சுவிட்ச் ஆகியவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். உங்கள் வண்டியில் பம்ப் சத்தமே வரவில்லை என்றால் கதை வேறு. முதலில் கில் சுவிட்ச்சையும் ஃபியூஸையும் பாருங்கள். அடுத்து ரிலே, வண்டி சாய்ந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார், டேங்குக்கு அடியில் இருக்கும் பம்ப் கனெக்டர். டேங்கைக் கழற்றி மாட்டும்போது அந்தக் கனெக்டரின் பின் ஒன்று பின்னால் தள்ளிப்போவது சாதாரணமாக நடப்பது. வெளியிலிருந்து பார்த்தால் கிளிப் மாட்டியதுபோலவே இருக்கும்.

அடுத்து ஸ்பார்க் பிளக். நன்றாக செல்ஃப் அடித்துவிட்டுக் கழற்றினேன். காய்ந்து கிடந்தது, பெட்ரோல் வாசனைகூட இல்லை. எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான தடயம் இதுதான். பெட்ரோல் வந்தும் ஸ்பார்க் இல்லாமல் இருந்திருந்தால், இவ்வளவு நேரம் செல்ஃப் அடித்ததற்குப் பிளக் நனைந்து நாறியிருக்கும். ஸ்பார்க்கை டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பிளக்கை எஞ்சின் உடம்பில் வைத்து வெறும் தீப்பொறி பார்க்கும் பழைய முறையை, பெட்ரோல் லைனில் கை வைத்திருக்கும் நேரத்தில் செய்யாதீர்கள். ஏர் ஃபில்டர் பக்கம், எளிதில் தீப்பற்றும் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் செய்து பார்க்கச் சிலர் சொன்னார்கள். பிளக்கே பதில் சொல்லிவிட்டதால் அந்த ஆபத்து தேவைப்படவில்லை.

மீட்டரில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. "எர்ரர் கோடு எதுவும் இல்லை, அதனால பெட்ரோல் பிரச்சினை இல்லை" என்று சொன்னவர்களும் உண்டு. இதை நம்பாதீர்கள். சாதாரண ஒற்றை சிலிண்டர் பைக்குகளில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே பெரும்பாலும் இருக்காது. சாவி போட்டதும் பம்ப்பை இரண்டு மூன்று விநாடி ஓட்டச் சொல்லி ஈசியூ கட்டளை கொடுக்கும். எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று கணக்குப் போடும்போது, லைனில் சரியான அழுத்தம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். அங்கே அழுத்தம் இல்லை என்பதை அதனால் தெரிந்துகொள்ள முடியாது. தெரியாத ஒன்றுக்கு அது எப்படி விளக்கு எரியவிடும்?

பிறகு மல்டிமீட்டர். பம்ப் கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையைச் செருகி, தம்பியைச் சாவி போடச் சொன்னேன். பேட்டரியில் 12.5 வோல்ட், பம்ப் ஓடும்போது கனெக்டரில் 12.1. இவ்வளவு சின்ன வித்தியாசம் கவலைப்பட வேண்டியதில்லை. 10 வோல்ட் மாதிரி காட்டியிருந்தால் வயரிங்கையோ எர்த்தையோ தேடியிருப்பேன். பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்பதையும் கட்டாயம் பாருங்கள். இது டிசி மோட்டார். வயர் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் வரும், பெட்ரோல் ஏறாது. என் வண்டியில் அது சரியாகவே இருந்தது.

கடைசியாக, முதலிலேயே யாராவது செய்திருக்க வேண்டிய வேலை: அழுத்தத்தை அளப்பது. ஃபியூவல் பிரஷர் கேஜை இரவல் வாங்கினேன். லைனைக் கழற்றும் முன் பம்ப் கனெக்டரை எடுத்துவிட்டுக் கொஞ்சம் செல்ஃப் அடித்து, மிச்ச அழுத்தத்தை இறக்கினேன். ஜாயிண்ட்டைத் துணியால் சுற்றிக்கொண்டே பிரித்தேன். டேங்கிலிருந்து வரும் குழாய்க்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே கேஜை மாட்டிச் சாவியைப் போட்டோம். சர்வீஸ் மேனுவலில் இருந்த அளவு 294 கிலோபாஸ்கல், அதாவது ஏறக்குறைய 3 பார். கேஜ் முள் 0.6 வரை ஏறி, பம்ப் நின்றதும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது.

அந்த முள் எனக்கு இரண்டு விஷயங்களைச் சொன்னது. அழுத்தம் கட்டவில்லை, கட்டிய கொஞ்சமும் நிற்கவில்லை. வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அப்படியென்றால் டேங்குக்குள்ளேயே எங்கோ பெட்ரோல் திரும்பிக் கொட்டுகிறது. ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிற கதைதான். பம்ப் உழைக்கிறது, மேலே வந்து சேர்வதில்லை. உள்ளே அப்படி நடக்க வாய்ப்புள்ள இடங்கள் குறைவு. ஒன்று, அழுத்தத்தை அளவாக வைக்கும் ரெகுலேட்டரின் ஓ-ரிங் (ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மடங்கியிருக்கலாம் அல்லது விட்டுப்போயிருக்கலாம். இன்னொன்று, பம்ப்பின் வாயிலிருந்து மேலே போகும் குட்டி ஹோஸ்.

திறந்த வெளியில், பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, டேங்கைக் காலி செய்து, தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, பம்ப் அசெம்பிளியை வெளியே எடுத்தேன். பார்த்ததும் புரிந்தது. புது பம்ப்பின் மூக்கு, அதாவது ஹோஸ் மாட்டும் முனை, பழையதைவிட மெலிசு. அதில் பழைய ஹோஸையே மாட்டிக் கிளாம்ப்பை இறுக்கியிருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் பெட்ரோலில் கிடந்து விறைத்துப்போன ரப்பர் மூக்கைக் கவ்வாமல் பாதி நழுவித் தொங்கியது. கையால் இழுத்தேன், எதிர்ப்பே இல்லாமல் வந்துவிட்டது.

ஹோஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண பெட்ரோல் ஹோஸ் உள்பக்கம் மட்டும்தான் பெட்ரோலைத் தாங்கும். டேங்குக்குள் மூழ்கிக் கிடக்க வேண்டியதற்கு வெளிப்பக்கமும் தாங்க வேண்டும். அதற்கென்று வரும் வகையில் எஸ்ஏஇ ஜே30 ஆர்10 என்று அச்சிட்டிருக்கும். சாதாரண ஹோஸ் உள்ளே கிடந்தால் ஊதி, இளகி, பிய்ந்து, அந்தத் துகள் ஃபில்டரில் போய் அடைக்கும். மூக்கின் அளவுக்குப் பொருந்தும் உள்விட்டத்தில் அந்த வகை ஹோஸ், புதுக் கிளாம்ப், ரெகுலேட்டருக்கும், பம்ப் அசெம்பிளியை டேங்கோடு சேர்க்கும் அடித்தட்டுக்கும் புது ஓ-ரிங் போட்டேன். அடித்தட்டு போல்ட்டுகளை எதிரெதிராக, மேனுவல் சொல்லும் அளவுக்குத்தான் இறுக்கினேன். அதிகம் இறுக்கினால் ஓ-ரிங் நசுங்கி ஒழுகும்.

மாட்டியதும் ஓடவிட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கி, முதலில் டேங்கில் தாராளமாகப் பெட்ரோல் ஊற்றினேன். பம்ப்பைக் குளிர்விப்பதும் உராய்வைக் குறைப்பதும் அந்தப் பெட்ரோல்தான். காய்ந்த பம்ப்பை ஓட்டினால் புதுசும் கெடும். இத்தனை செல்ஃப் அடித்ததில் தளர்ந்திருந்த பேட்டரியை சார்ஜ் போட்டேன். லைனில் காற்று இருக்கும் என்பதால் சாவியைப் போட்டு, பம்ப் நிற்கும்வரை பொறுத்து, அணைத்து, மறுபடி போட்டு என்று சில முறை செய்தேன். கேஜ் முள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே போய், 3 பாருக்கு வந்து நின்றது. பம்ப் நின்ற பிறகும் விழவில்லை.

செல்ஃப்பைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது. ஐடிலில் விட்டு, லேசாக முறுக்கியபோதும் முள் அசையவில்லை. கேஜைக் கழற்றி லைனை மாட்டி, ஜாயிண்ட்டிலும் அடித்தட்டைச் சுற்றியும் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. திணறிய அதே மேட்டில் ஏற்றினேன், முழு ஆக்சிலேட்டரில் விக்காமல் இழுத்தது. நழுவிய பழைய ஹோஸையும் கேஜ் அளவுகளையும் அந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, கேஜ் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.