கை நனைக்காத வீட்டுக்காக ஒரு மன்றாட்டு

எங்கள் பகுதியில், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டங்களில், செபமாலை முடிந்து, நற்செய்தி வாசித்து, பகிர்வும் ஆன பிறகு, ஒவ்வொருவரும் தம் மனதில் இருப்பதைச் சொல்லி மன்றாடுவது வழக்கம். நோயாளிகள், தேர்வு எழுதும் பிள்ளைகள், வேலை தேடுவோர் என்று போகும் அந்த வரிசையில், பெரும்பாலும் கடைசியாக, குரல் சற்றே தாழ்ந்து, ‘வழிதவறிப் போனவர்களுக்காக’ என்று ஒரு மன்றாட்டு வரும். பெயர் சொல்ல மாட்டார்கள். ஆனால் யாரைப் பற்றி என்பது பாயில் அமர்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அப்படி மன்றாடப்பட்டவர்களில் ஒருவர், வேறு சாதியைச் சேர்ந்த கத்தோலிக்க இளைஞரை மணந்துகொண்ட பெண். முறைப்படி ஓலை வாசித்து (திருமண அறிவிப்பைக் கோயிலில் முன்கூட்டியே படித்து), கோயிலில், குருவானவர் முன்னிலையில் நடந்த திருமணம் அது. திருச்சபையின் எந்தச் சட்டத்தின்படியும் அவர் வழிதவறவில்லை. ஆனாலும் அவருக்காக மன்றாடியவர்களில் பலர் இன்றுவரை அவர் வீட்டில் கை நனைத்ததில்லை.

நமக்குப் பிடிக்காத வாழ்க்கையை வாழ்கிறவர்களுக்காகக் கடவுளிடம் வேண்டுவது இரக்கமா, தீர்ப்பா என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் நினைவுதான் வருகிறது. ‘ஆண்டவரே, அந்தப் பிள்ளையின் மனதைத் தொட்டருளும்’ என்ற சொற்களில் கடுமை எதுவும் இல்லை. மனதைத் தொட்ட பிறகு அவர் என்ன செய்ய வேண்டும் என்று மன்றாடியவர்கள் எதிர்பார்த்தார்கள்? கணவரை விட்டுவிட்டு வர வேண்டும் என்று அவர்களே சொல்ல மாட்டார்கள். அந்தச் செபம் கடவுளிடம் எதையும் கேட்கவில்லை; அறையில் இருந்தவர்களிடம் அவர் குற்றவாளி என்று அறிவித்தது. புறணியாகப் பேசியிருந்தால் ‘அப்படிச் சொல்லாதீர்கள்’ என்று ஒருவராவது தடுத்திருக்கக்கூடும். செபத்தைத் தடுக்க யாருக்குத் துணிவு வரும்? எல்லோரும் சேர்ந்து ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று பதில் சொன்னோம், அவ்வளவுதான்.

இது எங்கள் தெருவின் பழக்கம் மட்டும் அன்று. புனித வெள்ளி வழிபாட்டில் உலகெங்கும் சொல்லப்படும் பொது மன்றாட்டுகளில், யூதர்களுக்காகவும் ஒன்று நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. பழைய இலத்தீன் மன்றாட்டு அவர்களை நம்பிக்கையற்ற யூதர்கள் என்று குறிப்பிட்டது. அவர்கள் இதயத்தின் மீதுள்ள திரை நீங்க வேண்டும், அவர்கள் இருளிலிருந்து மீட்கப்பட வேண்டும் என்று கேட்டது. சொல்லைவிடக் கூர்மையாக இருந்தது உடலின் மொழி. மற்ற ஒவ்வொரு மன்றாட்டுக்கும் மக்கள் முழந்தாளிட்டு எழுந்தார்கள்; யூதர்களுக்கான மன்றாட்டில் மட்டும் முழந்தாளிடுவதில்லை. இயேசுவை ஏளனம் செய்து யூதர்கள் முழந்தாளிட்டார்கள், ஆகையால் நாம் அதைச் செய்யக்கூடாது என்று ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இதற்கு விளக்கம் சொல்லப்பட்டது. மத்தேயு நற்செய்தியைத் திறந்து பார்த்தால், அப்படி முழந்தாளிட்டு ஏளனம் செய்தவர்கள் ஆளுநருடைய உரோமைப் படைவீரர்கள். யூதர்கள் செய்யாத ஒரு குற்றத்தை அவர்கள் மீது சுமத்திவிட்டு, அவர்களுக்காகவே செபித்துக்கொண்டிருந்தோம்.

‘நம்பிக்கையற்ற’ என்ற அந்தச் சொல்லை நீக்குமாறு 1928இல் குருக்களும் ஆயர்களும் கர்தினால்களும் உறுப்பினராக இருந்த ஓர் அமைப்பு உரோமையிடம் கேட்டது. அந்த அமைப்பே கலைக்கப்பட்டது. யூத இன அழிப்பு நடந்து முடிந்த பிறகுதான், 1955ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் முழந்தாளிடுதலை அந்த மன்றாட்டிலும் சேர்த்தார். 1959இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் அந்தச் சொல்லை நீக்கினார். 1970ஆம் ஆண்டுத் திருப்பலி நூலிலோ, தம்முடைய பெயரின் மீதுள்ள அன்பிலும் தம்முடைய உடன்படிக்கையின் மீதுள்ள பற்றுறுதியிலும் அவர்கள் வளர இறைவன் அருள வேண்டும் என்று மன்றாட்டு மாறியது. இன்று நாம் சொல்வது இதைத்தான். ஒரு யூதர் அருகில் நின்று கேட்டாலும் நம்மோடு சேர்ந்து அதற்கு ஆமென் சொல்ல முடியும். பழைய இலத்தீன் முறையைப் பின்பற்றுவோருக்காக 2008இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் எழுதிய மன்றாட்டு, யூதர்கள் இயேசுவை மீட்பராக அறிந்துகொள்ள வேண்டும் என்று மறுபடியும் கேட்டபோது, யூத அமைப்புகள் வருந்தி எதிர்ப்புத் தெரிவித்ததில் எனக்கு வியப்பு இல்லை.

ஆனால், யாருக்காக வேண்டுகிறோமோ அவர் ஆமென் சொல்லக்கூடியதை மட்டுமே வேண்ட வேண்டும் என்று விதி வகுத்துவிடவும் என்னால் முடியவில்லை. அப்படி வகுத்தால் புனித அகுஸ்தீனின் தாய் மோனிக்கா அம்மாள் செபித்திருக்கவே முடியாது. மகன் அகுஸ்தீன், திருச்சபை ஏற்காத மானிக்கேயர் என்ற சமயக் குழுவின் போதனையில் சேர்ந்தபோது, அதைச் சகிக்க முடியாமல் மகனைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளவும் ஒரே மேசையில் உண்ணவும் அவர் மறுத்தார். பின்பு ஒரு கனவு கண்டார். மர அளவுகோல் ஒன்றின் மீது தாம் அழுதுகொண்டு நிற்க, ஓர் இளைஞர் வந்து, நீ இருக்கும் இடத்தில் உன் மகனும் இருக்கிறான் பார் என்று காட்டினாராம். அந்தக் கனவுக்குப் பிறகு அம்மாள் மகனை வீட்டுக்குள் சேர்த்து, ஒரே மேசையில் உண்ணத் தொடங்கினார். மகன் அப்போது மாறியிருக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர் மிலானில் திருமுழுக்குப் பெற்றது 387இல். அதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. அம்மாள் தம் கருத்தை ஒரு துளியும் விட்டுக்கொடுக்கவில்லை, அழுகையையும் நிறுத்தவில்லை. ஆனால் அந்த அழுகை இப்போது மகனுக்குச் சோறு போடும் வீட்டில் நடந்தது. அதை நான் தயக்கமின்றி இரக்கம் என்று சொல்வேன்.

அதே அம்மாளின் கதையில் என்னை உறுத்தும் பகுதியும் உண்டு. அகுஸ்தீனோடு பல ஆண்டுகள் வாழ்ந்து, அவருக்கு மகனையும் பெற்றுக்கொடுத்த பெண், அகுஸ்தீனுக்கு வசதியான வேறொரு திருமணம் ஏற்பாடானபோது, ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி வைக்கப்பட்டார். பிள்ளை தந்தையிடமே தங்கிவிட்டது. அந்தத் திருமணத்துக்காக மிகவும் முயன்றவர் மோனிக்கா. தம் வாழ்க்கையைப் பற்றி இவ்வளவையும் எழுதிய அகுஸ்தீன் அந்தப் பெண்ணின் பெயரைக்கூட எழுதவில்லை. மகனுக்காகச் சிந்திய கண்ணீரில் ஒரு துளியேனும் அந்தப் பெண்ணுக்காகச் சிந்தப்பட்டதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. யாருக்காகச் செபிக்கிறோம் என்பதைப் போலவே, அந்தச் செபம் யாரைத் தடையாகப் பார்க்கிறது என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதையெல்லாம் சொல்லும்போது, அப்படியானால் எதையுமே தவறென்று சொல்லக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லத்தான் வேண்டும். குடித்துவிட்டு மனைவியை அடிக்கிற ஒருவருக்காக மன்றாடும்போது அதில் தீர்ப்பு இல்லாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. அத்தகைய மன்றாட்டில் ‘மனைவிக்குப் பொறுமையைத் தாரும்’ என்று சேர்த்துக்கொள்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அடி வாங்குகிறவரிடமே குறை காண்கிற அந்த வேண்டுதலைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. தீர்ப்பைச் சொல்ல வேண்டிய இடம் அடிக்கிறவருடைய முகத்துக்கு நேரே. அவர் இல்லாத கூட்டத்தில், கடவுளிடம் சொல்வதுபோல் நமக்குள் சொல்லிக்கொள்வது அன்று.

எங்கள் அன்பியத்தில் அதைச் செய்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். அப்படிப்பட்ட ஒருவரின் வீட்டுக்கு நேராகப் போய், இது பாவம், இனி அவள் மேல் கை வைத்தால் காவல் நிலையத்துக்கு நானே அவளைக் கூட்டிக்கொண்டு போவேன் என்று சொன்னவர் அவர். அந்த மனிதர் குடியை விடுவதற்குச் சிகிச்சைக்குப் போனபோது துணைக்குப் போனவரும் அவர்தான். கூட்டத்தில் அவர் கேட்டுக்கொண்டதெல்லாம், அந்த மனைவிக்கு ஒரு தையல் வேலை கிடைக்கச் செபியுங்கள், அதற்கு யாருக்காவது வழி தெரிந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள் என்பதுதான்.