பெயிண்டைத் தொடாமல் புல்லட் டேங்கின் ஒடுக்கை எடுத்த அனுபவமும் செலவும்

பைக்கின் பெட்ரோல் டேங்கில் ஒடுக்கு விழுந்தால் நம் ஊரில் முதலில் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: பட்டி போட்டு, தேய்த்து, டேங்க் முழுவதற்கும் பெயிண்ட் அடித்துவிடலாம். பெரும்பாலான வண்டிகளுக்கு அது நியாயமான தீர்வு. என் வண்டிக்கு அது வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம், டேங்கின் மேல் ஓடும் தங்க நிறக் கோடுகள்.

வண்டி 2016-ஆம் ஆண்டின் கறுப்பு புல்லட் 350. அதன் கோடுகள் ஸ்டிக்கர் அல்ல. ராயல் என்ஃபீல்டு ஆலையில் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தவை. கிட்டப் போய்ப் பார்த்தால் இடப்பக்கக் கோட்டுக்கும் வலப்பக்கக் கோட்டுக்கும் மயிரிழை வேறுபாடு தெரியும். வளைவில் தூரிகை சற்றே அழுந்திய இடமும் தெரியும். புதிதாகப் பெயிண்ட் அடித்தால் அந்தக் கோடுகள் போய்விடும். பிறகு ஸ்டிக்கர் ஒட்டலாம், வேறொருவரைக் கொண்டு இழுக்கச் சொல்லலாம். வண்டி பிறந்தபோது இழுத்த கோடு திரும்ப வராது.

ஒடுக்கு விழுந்தது ஒரு புறநகர் ரயில் நிலையத்தின் வண்டி நிறுத்துமிடத்தில். நெருக்கி நிறுத்திய வரிசையில் பக்கத்து வண்டி சாய்ந்து, அதன் ஹேண்டில்பார் முனை என் டேங்கின் வலப்பக்கத்தில் இடித்திருந்தது. எலுமிச்சம்பழ அளவில் ஒரு வட்டம். நடுவில் நான்கைந்து மில்லிமீட்டர் ஆழம். மேல் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே. பெயிண்ட் எங்கும் வெடிக்கவில்லை. அதுதான் என் நல்ல காலம். பெயிண்ட் வெடித்து உள்ளிருக்கும் தகரம் தெரிந்துவிட்டால், ஒடுக்கை எவ்வளவு அழகாக எடுத்தாலும் பெயிண்ட் வேலை இல்லாமல் முடியாது.

முதலில் விலை விசாரித்தேன். எனக்குத் தெரிந்த டிங்கரிங் கடையில் பட்டியும் பெயிண்டும் சேர்த்து 3,500 ரூபாய் சொன்னார்கள். கோடுகளைக் கையால் இழுக்க ஆள் வைத்தால் மேலும் 1,500. சர்வீஸ் சென்டரில் புதிய டேங்க், சின்னங்கள், மாற்றும் கூலி எல்லாம் சேர்த்து 11,000 ரூபாயைத் தொடும் மதிப்பீடு கொடுத்தார்கள். அதில் டேங்க் மட்டும் 8,500.

காப்பீட்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து வயதைக் கடந்து பத்து வயதுக்குள் இருக்கும் வண்டியின் உலோக பாகங்களுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 8,500-க்கு 5,100 நிற்கும். இரு சக்கர வண்டிக்குக் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய 100 ரூபாய் போனால் 5,000. இதற்காக, ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கேட்காமல் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸை, அதாவது பிரீமியத் தள்ளுபடியை, ஒரே நாளில் பூஜ்யமாக்க வேண்டும். அதோடு, பெட்ரோல் கசியாத டேங்குக்குப் பழுதுபார்க்கத்தான் பணம் கிடைக்கும், புதிய டேங்குக்குக் கிடைப்பது கடினம் என்றும் சொன்னார்கள். அந்த வழியை அங்கேயே விட்டுவிட்டேன்.

மீதமிருந்தது பி.டி.ஆர். எனப்படும் பெயிண்ட்லெஸ் டென்ட் ரிப்பேர். தகரத்தை உள்ளிருந்து கம்பியால் தள்ளியோ வெளியிலிருந்து பசை ஒட்டி இழுத்தோ, பட்டியும் பெயிண்டும் இல்லாமல் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலை. கார்களுக்குச் செய்பவர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். டேங்க் என்று சொன்னதும் பாதிப் பேர் மறுத்துவிட்டார்கள். ஒருவர் போனிலேயே, படம்கூடப் பார்க்காமல், 1,500 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். என்ன முறை என்று கேட்டேன். பசை ஒட்டி இழுத்துவிடுவேன் என்றார். கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்றதற்குப் பதில் தெளிவாக வரவில்லை. அவரிடம் போகவில்லை.

நான் தேர்ந்தெடுத்த தம்பி நேரில் பார்க்காமல் விலை சொல்ல மாட்டேன் என்றார். பார்த்ததும் அவர் கேட்ட கேள்விகளிலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. "இது கம்பெனி பெயிண்டா, இடையில் அடித்ததா சார்? டேங்குக்குள் துரு தடுக்கப் பூச்சு எதுவும் ஊற்றியிருக்கிறீர்களா? இதற்கு முன் இதே இடத்தில் யாராவது தட்டியிருக்கிறார்களா?" மூன்றுக்கும் காரணம் உண்டு. ஆலையில் சூடேற்றிக் காயவைத்த பெயிண்ட் தகரத்தோடு இறுகப் பிடித்திருக்கும். கடையில் அடித்த பெயிண்ட் பசையோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிடலாம். உள்ளே பூச்சு இருந்தால் கம்பி பட்டு அது உதிரும். ஒரு முறை தட்டிய தகரம் ஏற்கெனவே விரிந்திருக்கும். அது சொன்ன பேச்சு கேட்காது. என் டேங்கில் இந்த மூன்று சிக்கலும் இல்லை.

விலை 3,000 ரூபாய் என்றார். "இதே அளவு ஒடுக்கு கார் கதவில் இருந்தால் 1,200-க்கு எடுத்துவிடுவேன் சார். இங்கே ஒடுக்குக்குக் காசு இல்லை, அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்குத்தான் காசு" என்றும் சேர்த்துச் சொன்னார். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகும், டியூப் லைட் வெளிச்சத்தில் தேடிப் பார்த்தால் லேசான அலை தெரியலாம், அதற்கு ஒப்புக்கொண்டால் மட்டும் டேங்கைக் கழற்றிக் கொண்டுவாருங்கள் என்றார். முடியாததை முன்கூட்டியே சொல்லும் தொழிலாளிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

போய்ச் சேருவதுதான் காசு என்று அவர் சொன்னது, வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. கார் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினால் தகரத்தின் பின்புறம் எட்டும் தூரத்தில் இருக்கும். டேங்க் நான்கு பக்கமும் மூடிய பெட்டி. என்னுடையது கார்புரேட்டர் வண்டி என்பதால் அதில் இருப்பது இரண்டே வழிகள்: பெட்ரோல் ஊற்றும் வாய், அடியில் பெட்ரோல் குழாய் பொருத்தும் சிறு துளை. எரிபொருள் பம்ப் டேங்குக்குள் இருக்கும் புதிய வண்டிகளில் பம்பைக் கழற்றினால் இன்னொரு பெரிய வழி கிடைக்கும். எனக்கு அந்த வசதி இல்லை. போதாக்குறைக்கு, வண்டியின் சட்டகத்தின் மேல் உட்காருவதற்காக டேங்கின் அடிப்பக்கம் நடுவில் மேல்நோக்கிக் குடைந்திருக்கும். கம்பி அந்த மேட்டைத் தாண்டிப் பக்கவாட்டில் இறங்க வேண்டும். குடத்தின் வாய் வழியாகக் கையை விட்டு, அதன் இடுப்பை உள்ளிருந்து நிமிர்த்துவது போன்ற வேலை இது.

டேங்கைக் கழற்றும் வேலையை என் மெக்கானிக்கிடம் கொடுத்தேன். கழற்றி, பிறகு மாட்டித் தரவும் சேர்த்து 400 ரூபாய் வாங்கினார். பெட்ரோலைக் குழாய் வழியாக வடித்து எடுத்தோம். பெட்ரோல் இல்லை என்றதும் ஆபத்து போய்விட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேர் எதிர். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குதான் அதிக ஆபத்து. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தானாக மேலே போகாமல் டேங்கின் அடியில் தங்கிவிடும். இந்த வேலையில் சூடான காற்று அடிக்கும் ஹீட் கன் உண்டு, மின்விளக்கு உண்டு. அதனால் அந்தத் தம்பி டேங்கைச் சோப்புத் தண்ணீரால் பலமுறை அலசி, காற்று அடித்து, வாடை முற்றிலும் போன பிறகே கையில் கம்பி எடுத்தார். அலசாமல் உடனே வேலை தொடங்கும் இடத்தில் டேங்கைக் கொடுக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

டேங்கை ரப்பர் விரிப்பின் மேல் அசையாமல் கட்டி, அதற்கு எதிரே கறுப்பு வெள்ளைக் கோடுகள் கொண்ட விளக்குப் பலகையை நிறுத்தினார். பளபளக்கும் பெயிண்டில் அந்தக் கோடுகள் பிரதிபலித்தன. நல்ல இடத்தில் நேராக ஓடிய கோடுகள் ஒடுக்கின் மேல் வந்ததும் வளைந்து சுழித்தன. என் கண்ணுக்கு ஒரு குழி மட்டுமே தெரிந்தது. குழியைச் சுற்றி வளையமாக ஒரு மேடு எழும்பியிருந்ததை அந்தப் பிரதிபலிப்புதான் காட்டியது. தகரம் உள்ளே போனபோது அதைச் சுற்றியுள்ள பகுதி வெளியே எழும்பிவிடுகிறது. நடுவை மட்டும் தள்ளினால் அந்த மேடு அப்படியே நின்று குழியைப் பூட்டி வைத்துக்கொள்ளும்.

பசையை அவர் தங்க நிறக் கோட்டின் பக்கம் கொண்டுபோகவே இல்லை. "கோடு அடிப் பெயிண்டை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது சார். பசையை எடுக்க ஆல்கஹால் தெளிக்க வேண்டும், அதுவும் கோட்டுக்கு ஆகாது" என்றார். ஒடுக்கின் கீழ்ப்பாதியில் மட்டும் பிளாஸ்டிக் குமிழைச் சூடான பசையால் ஒட்டி, ஆறவிட்டு, சிறிய இழுப்பானால் சற்றே தூக்கினார். குழியின் ஆழம் குறைந்தது. பிறகு ஆல்கஹால் விட்டுக் குமிழைக் கழற்றினார். பெயிண்டில் ஒரு தழும்பும் இல்லை.

மீதி எல்லாம் கம்பி வேலை. வாயின் விளிம்பு கெடாமல் ரப்பர் சுற்றி, பல வளைவுகள் கொண்ட ஒரு கம்பியை உள்ளே நுழைத்தார். கம்பியின் முனை உள்ளே எங்கே நிற்கிறது என்பதை அவரால் பார்க்க முடியாது. மெல்ல ஓர் அழுத்தம் கொடுத்து, வெளியே பலகையின் கோடு எந்த இடத்தில் துடிக்கிறது என்று பார்த்து, முனை அங்கே இருக்கிறது என்று அறிகிறார். பிறகு அரை மில்லிமீட்டர் நகர்த்தி அடுத்த அழுத்தம். ஹீட் கன்னால் தகரத்தைக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்குகிறார், பெயிண்ட் இளகி வளைந்து கொடுப்பதற்காக. விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சிறுசிறு அழுத்தங்கள்; இடையிடையே முனை மழுங்கிய பிளாஸ்டிக் உளியை மேட்டின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. ஒரே அழுத்தில் வெளியே கொண்டுவர முயன்றால் ஊசி முனை போல ஒரு புடைப்பு எழும்பும், அதன் உச்சியில் பெயிண்ட் வெடிக்கும். அவசரப்படும் ஆள் இந்த வேலைக்கு ஆகாது. அவர் அவசரப்படவில்லை. மதியம் தொடங்கிய வேலை விளக்கு வைக்கும் நேரம் வரை நீண்டது, பேச்சுக்கூடக் குறைவு. அந்தப் பொறுமையைப் பார்த்த எனக்கு 3,000 ரூபாய் அதிகமாகத் தோன்றவில்லை.

முடிவில் டேங்கின் உட்புறத்தை மறுபடி உலர்த்தி, கம்பி உரசிய இடம் துருப்பிடிக்காமலிருக்க உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுழற்றிக் கொடுத்தார். பெட்ரோல் ஊற்றுமுன் அந்த எண்ணெயை வடித்துவிடச் சொன்னார். பெயிண்டை மென்மையான பாலிஷ் மட்டும் போட்டுத் துடைத்தார். கோட்டின் மேல் துணிகூடப் படவில்லை.

டேங்கை மாட்டியபின் மெக்கானிக் பெட்ரோல் குழாய்க்குப் புது வாஷர் போட்டு, கசிகிறதா என்று ஒரு ராத்திரி நிறுத்திப் பார்க்கச் சொன்னார். கசியவில்லை. பகல் வெளிச்சத்தில் ஒடுக்கு விழுந்த இடம் எது என்று வண்டியைத் தினமும் பார்க்கும் என் உடன்பிறந்த தம்பியால் காட்ட முடியவில்லை. பெட்ரோல் பங்கின் குழல் விளக்குகளுக்கு அடியில் நிறுத்திச் சாய்ந்து பார்த்தால், பி.டி.ஆர். தம்பி முன்பே சொன்ன அலை தெரிகிறது. மொத்தச் செலவு 3,400 ரூபாய். டிங்கரிங் கடை சொன்ன விலையும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் அதில் கோடு போயிருக்கும்.

அதே பி.டி.ஆர். தம்பியிடம் என் நண்பரும் தன் டேங்கைக் கொண்டுபோனார். அது இடையில் பெயிண்ட் அடித்த டேங்க். ஒடுக்கும் அடித்தையலை ஒட்டி, இரண்டு தகரங்கள் இணையும் மடிப்பில் விழுந்திருந்தது. அங்கே தகரம் இரட்டை; கம்பியும் நுழையாது, பசையை அந்தப் பெயிண்டும் தாங்காது. தம்பி ஒரு ரூபாய்கூட வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். நண்பர் டிங்கரிங் கடையில் பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்துக்கொண்டார். அவருடைய டேங்குக்கு அதுதான் சரியான வேலை.