பெஞ்ச் வாடகை கட்டுறவங்க பின்னாடியே போன சர்ச்சுங்க

சர்ச்ல உட்கார பெஞ்சுக்கு வாடகைன்னா இன்னைக்கு நம்பவே மாட்டாங்க. ஆனா அமெரிக்கா சுதந்திரம் வாங்கின புதுசுல நியூயார்க்ல பல சர்ச்சுங்க அப்படித்தான் ஓடுச்சு. அரசாங்கக் காசு கிடையாது, அதனால ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெஞ்ச வாடகைக்கு எடுக்கும், இல்ல வீடு வாங்குற மாதிரி விலைக்கே வாங்கிப் போட்டுடும், போதகர் சம்பளமே அதுலேர்ந்துதான். நல்ல இடம் காசு உள்ளவனுக்கு, ஏழைங்களும் கறுப்பினத்தவங்களும் பெரும்பாலும் மேல பால்கனில.

சின்ன ஊரா இருந்தவரைக்கும் இது ஓடிட்டு இருந்துச்சு. 1790ல சுமார் 33,000 பேர் இருந்த ஊரு 1820ல ஒரு லட்சத்தத் தாண்டி 1850ல அஞ்சு லட்சத்துக்கும் மேல போயிடுச்சு. 1825ல உள்நாட்டு ஏரிங்களையும் நியூயார்க்கையும் படகு வழியா இணைச்ச ஈரி கால்வாய் திறந்தப்புறம் துறைமுகத்துல சரக்கு குவிய, ஊரோட தெற்கு முனைல வீடுங்க இருந்த தெருவெல்லாம் கோடவுனும் ஆபீஸுமா மாற, வசதியானவங்க மூட்டையக் கட்டிட்டு வடக்க கிளம்பிட்டாங்க. பெஞ்சுக்குக் காசு கட்டுறவனே போயிட்டா சர்ச் என்ன பண்ணும்? அதே நேரத்துல சர்ச் நிக்கிற மனையோட விலையோ எங்கயோ போயிடுச்சு. வித்துட்டு அவங்க பின்னாடியே போறதுதான் லாபம்.

போனாங்க. பீக்மன் தெரு பக்கம் 1768லேர்ந்து இருந்த பிரிக் பிரெஸ்பிடேரியன் சர்ச் 1858ல ஐந்தாவது அவென்யூ 37ஆவது தெருவுக்குக் குடிபோச்சு, பழைய இடத்துல நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை கட்டடம் வந்துச்சு. நாசோ தெருல இருந்த டச்சு சர்ச் அதுக்கும் முன்னாடியே, 1840கள்ல, போஸ்ட் ஆபீஸ் ஆயிடுச்சு! ஜெபம் நடந்த ஹால்ல தபால் பிரிச்சிருக்காங்க.

சரி, கீழ்ப்பக்கமே தங்கிட்ட கூலிக்காரங்க, புதுசா கப்பல்ல வந்து இறங்கினவங்க எங்க போவாங்க? பட்டு வியாபாரிங்களான டாப்பன் சகோதரர்கள்ல லூயிஸ் டாப்பன் முன்ன நின்னு 1832ல சாத்தம் தெரு தியேட்டர சர்ச்சா மாத்தி அப்ப பேர்போன எழுப்புதல் பிரசங்கியார் சார்லஸ் ஃபின்னிய பிரசங்கிக்கக் கூட்டிட்டு வந்தாரு. பெஞ்ச் வாடகை கிடையாது, யார் வேணா வந்து உட்காரலாம். உட்காரலாம்னா, அங்கயும் கறுப்பினத்தவங்களுக்குத் தனி இடம்தான், எல்லாரையும் கலந்து உட்கார வைக்கணும்னு டாப்பன் கேட்டும் ஃபின்னி ஒத்துக்கல. அடிமை முறைய எதிர்த்து மேடைல பேசினவரு இதுக்கு மட்டும் ஏன் தயங்கினாருன்னு எனக்கு எரிச்சலா வருது. ஜான் தெரு மெதடிஸ்ட் சர்ச்ல இருந்த கறுப்பின விசுவாசிங்க இதையெல்லாம் எதிர்பார்த்துட்டு உட்காரல, 1796லயே தனியா கூட ஆரம்பிச்சு 1800ல ஸயன்னு சொந்தமா சர்ச்சே கட்டிட்டாங்க, இன்னைக்கு இருக்கிற ஏஎம்இ ஸயன் (ஆப்பிரிக்கன் மெதடிஸ்ட் எபிஸ்கோபல் ஸயன்) சபைக்கு ஆரம்பமே அதான்.

ஃபின்னிக்காக 1836ல பிராட்வே டேபர்னக்கிள்னு பெருசா ஒரு சர்ச் கட்டினாங்க. அவரு அடுத்த வருஷமே ஓஹியோ பக்கம் போயிட்டாரு. 1850கள் முடியுறதுக்குள்ள அந்த சபையும் இடத்த வித்துட்டு 34ஆவது தெருவுக்குக் கிளம்பிடுச்சு.