கயிறு தளரும் நேரம்

என் குதிரை செவலை லொறியில் இருந்து இறங்கின அன்றே நான் பிழை விட்டேன். படுவான்கரையில் மாடு பிடித்து வளர்ந்த கை இது. மாடு நின்றுவிட்டால் மூக்கணாங்கயிற்றை இழுப்போம், வந்துவிடும். அதே நினைப்பில் இவளுக்கு முன்னால் நின்று இழுத்தேன். தலையைத் தூக்கி நாலு காலையும் மணலில் ஊன்றிக்கொண்டு பின்னுக்குப் போனாள். நான் இன்னும் இழுக்க, கயிறு உருவி உள்ளங்கைத் தோல் உரிந்தது.

நுவரெலியாவில் இருந்து அவளோடு வந்த ஐயா பார்த்துக்கொண்டு நின்றார். "இழுக்காதீங்க தம்பி, கேளுங்க. அவ குடுத்த உடனே விட்டுருங்க." இந்த மூன்று மாதமாக நான் படிப்பது இதைத்தான்.

குதிரையின் இயல்பே தன்னை அழுத்துவதை எதிர்த்துத் தள்ளுவது. அதனால் கயிற்றை மெல்ல இறுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவள் ஓர் அங்குலம் முன்னால் சாய்ந்தாலும் அந்த நொடியிலேயே தளர்த்த வேண்டும். தளர்கிற அந்த நேரத்தில்தான் அவளுக்கு 'ஓ, இதுதானா கேட்டது' என்று விளங்கும். கை பிந்தினால் எதற்காக விட்டோம் என்று அவளுக்குத் தெரியாது. என் கை எப்போதும் பிந்தியது, அதைத் திருத்தவே ஒரு மாதம் போனது.

கண் விசயமும் உண்டு. குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் சுற்றிவரக் கிட்டத்தட்ட எல்லாம் தெரியும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அதனால் பேசிக்கொண்டே தோள் பக்கமாகக் கிட்டப் போவேன். இடப்பக்கம் சாக்கால் தடவினால் பேசாமல் நிற்பவள், வலப்பக்கம் அதே சாக்கைக் கண்டு துள்ளினாள். அப்புறம் எதையும் இரண்டு பக்கமும் புதிதாகச் சொல்லிக் கொடுக்கிறேன்.

வெயில் ஏறமுதல், காலை ஆறு மணிக்குக் கல்குடாக் கரையில் 12 அடிக் கயிற்றோடு நடப்போம். "எப்ப ஏறப் போற?" என்று வலை இழுக்கிறவர்கள் கேட்பார்கள். அடித்துப் பழக்கினால் ஒரு கிழமையில் ஏறலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அந்தக் குதிரை வேண்டாம்.

நேற்றுக் கச்சான் காற்றில் ஷொப்பிங் பை ஒன்று காலடிக்கே பறந்து வந்தது. அவள் தலை தூக்கினாள், காது விறைத்தது. நான் கயிற்றைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தினாள், மறுகா நான் கிறுகின பக்கமே தானாகக் கிறுகி வந்தாள். சேணம் இன்னும் சாக்குக்குள்தான் கிடக்கிறது.