இதரை வாழைப்பழம் அளவு வயிறு

ஒப்பரேஷனுக்கு முந்தின மாதம், கொழும்பில் டொக்டர் ஒரு தாளில் இரைப்பையைக் கீறிக் காட்டினார். "இதில முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்திடுவம். மிச்சம் வாழைப்பழம் மாதிரி நீட்டா இருக்கும்" என்றார். பக்கத்தில் இருந்த அம்மா உடனே கேட்டார்: "கப்பல் பழமோ டொக்டர், இதரையோ?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதரை எண்டு வையுங்கோ அம்மா."

அன்று எனக்கு 43 வயது, 118 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். உடல் திணிவுச் சுட்டி (BMI) 47 வந்தது. எட்டு வருடமாகச் சீனி வருத்தம், இரவில் மூச்சு நின்று நின்று வருகிற குறட்டை, படி ஏறினால் முழங்கால் வலி. நடைப்பயிற்சி, பட்டினி, குரக்கன், வெந்தயத் தண்ணீர் என்று எல்லாம் பார்த்தாயிற்று. பத்துக் கிலோ இறங்கும், பன்னிரண்டு ஏறும். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. உடம்பு பெருத்தவர்களுக்கு அந்தக் கதை தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது.

பெப்ரவரியில் 'ஸ்லீவ்' எனப்படும் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்கு முன் இரண்டு வாரம் மாச்சத்து, கொழுப்பு மிகக் குறைந்த சாப்பாடு. ஈரலில் படிந்த கொழுப்பு குறைந்து அது கொஞ்சம் சுருங்கினால்தான் கமெராவை விட்டு வேலை செய்ய இடம் கிடைக்குமாம். வயிற்றில் ஐந்து சின்னத் துளைகள். கண் விழித்தபோது வயிற்றைவிடத் தோள்மூட்டுத்தான் வலித்தது. வயிற்றுக்குள் அடைத்த வாயுவால் வருகிற வலி அது, நடந்தால் குறையும் என்று நேர்ஸ் அன்று மாலையே எழுப்பி நடக்க வைத்தார். காலில் இரத்தம் கட்டிவிடக் கூடாது என்பதற்கும் அந்த நடைதான் மருந்து. கூடவே கொஞ்ச நாளைக்கு வயிற்றுத் தோலில் ஊசியும் போட்டார்கள்.

மறுநாள் 30 மில்லிலீட்டர் தண்ணீர் தந்தார்கள். பாணி மருந்து அளக்கிற அந்தக் குட்டிக் கோப்பைதான். கால் மணித்தியாலத்துக்கு ஒரு கோப்பை, அதையும் உறிஞ்சி உறிஞ்சி. இரண்டாவது கோப்பையிலேயே நெஞ்சு நிறைந்துவிட்டது. வீட்டில் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிக்கிற ஆள் நான். அப்போதுதான் கொஞ்சம் பயம் வந்தது. செய்தது செய்ததுதான், திருப்பி ஒட்ட முடியாது என்று அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வான் பிடித்து யாழ்ப்பாணம் வந்தோம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை நிறுத்தி இறங்கி நடந்தேன். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் என் கணவர் தேங்காய் உடைத்தார், மற்ற எல்லாரும் கச்சான் வாங்கினார்கள். வானுக்குள் அந்த வறுத்த மணம் பரவிய பிறகு யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள் போல. எனக்கு உண்மையில் பசியே இல்லை. வெட்டி எடுத்த பகுதியில்தான் பசியைத் தூண்டுகிற ஹோர்மோன் அதிகம் சுரக்குமாம். வயிறு கேட்கவில்லை, வாய் மட்டும் கேட்டது. இந்த வேறுபாட்டை 43 வயதுவரை நான் அறிந்ததில்லை.

வைத்தியசாலையில் தந்த சாப்பாட்டுத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. முதல் இரண்டு வாரம் நீராகாரம், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, அதற்கடுத்த இரண்டு வாரம் மென்மையானது, பிறகு மெல்ல மெல்ல வழமைச் சாப்பாடு. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம், ஒன்றரை லீட்டருக்குக் குறையாத தண்ணீர். அதுவரை சரி. உதாரணத்துக்குப் போட்டிருந்தவைதான் வேடிக்கை: கிரேக்க யோகட், கொட்டேஜ் சீஸ், வான்கோழி இறைச்சி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வான்கோழிக்கு எங்கே போவது? தாளின் ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே எங்கள் வீட்டுச் சாமான்களை நானே பேனையால் எழுதத் தொடங்கினேன். வடித்தெடுத்த பருப்புத் தண்ணீர், ஆடை நீக்கிய பால்மாக் கரைசல், தண்ணீர் வடியவிட்ட கட்டித் தயிர், உறைப்பில்லாத மீன் ரசம். இவை போதாத இடத்தை நிரப்பப் பாமசியில் வாங்கிய புரத மா. அதன் மணம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

60 கிராம் என்பது கேட்கச் சின்ன எண். ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ ஆறு கிராம்தான். பத்து முட்டை சாப்பிடுகிற வயிறா இது? நாலாவது வாரத்தில் அரை முட்டை முடிக்கவே இருபது நிமிடம் எடுத்தது.

மசித்த சாப்பாட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியைக் கைப்பற்றினார். அவருக்குத் தாளில் நம்பிக்கை இல்லை. "வயித்தில கத்தி பட்ட உடம்பு. பிள்ளை பெத்த உடம்பு மாதிரித்தான் பாக்கவேணும்" என்று பால்சுறா வறை செய்தார். அவித்து, முள்ளும் தோலும் நீக்கி, பூப்போல உதிர்த்து, மஞ்சளும் மிளகும் உள்ளியும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிரட்டியது. நான் பிரசவித்த காலத்தில் தின்று சலித்த அதே வறை. தேங்காய்ப்பூவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன், முகம் சுளித்துக்கொண்டே குறைத்தார். கொஞ்சம் ரசம் விட்டு மசித்து, சின்னப் பிளாஸ்டிக் கரண்டியால் இரண்டு கரண்டி சாப்பிட்டேன். அப்படியே இறங்கியது. மிளகாய்த்தூள் இல்லை, எண்ணெயும் இல்லையென்றே சொல்லலாம், நிறையப் புரதம். எங்கள் பத்தியச் சாப்பாட்டைக் கண்டுபிடித்தவர்கள் யாரோ, அவர்கள் கிராம் கணக்குப் பார்க்கவில்லை, ஆனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. தாளில் வான்கோழிக்கு எதிரே 'சுறா வறை, 2 கரண்டி' என்று எழுதினேன்.

அதற்காக அம்மாவின் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை. உழுத்தங்களி கிண்டி, பனங்கட்டி போட்டு, நல்லெண்ணெய் மிதக்க மிதக்கக் கொண்டுவந்தார். அதை மட்டும் தொடவில்லை. இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது என்பதுதான் பழக மிகவும் கடினம். சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் குடிக்கலாம். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் தண்ணீர் வைப்பது எங்கள் கைப்பழக்கம், நானே வைத்துவிட்டு நானே எடுத்து உள்ளே வைப்பேன். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் வந்தது: சொதி தண்ணீரா, கறியா? தொலைபேசியில் கேட்டபோது உணவு ஆலோசகர் யோசித்துவிட்டுச் சொன்னார், சொதி விட்டுக் குழைத்தால் இடியப்பம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிறு நிறைந்தது தெரியாமல் அதிகம் போய்விடும் என்று. ஆகவே சொதியில் கிடக்கிற மீன் எனக்கு, சொதி என் கணவருக்கு.

மூன்றாம் வாரம் தராசு அசையவில்லை. ஒன்பது நாள் ஒரே எண். இவ்வளவு காசு கொடுத்து, இவ்வளவு வலிபட்டு, பருப்புத் தண்ணீரில் வாழ்கிற எனக்கு இதுவா என்று அழுதேன். இது பெரும்பாலோருக்கு வருவது என்று பிறகுதான் தெரிந்தது. பத்தாம் நாள் ஒன்றரைக் கிலோ இறங்கியிருந்தது. அதன் பிறகு தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுத்தேன்.

பெரிய அடி பாடசாலையில் விழுந்தது. வேலைக்குத் திரும்பிய இரண்டாம் வாரம், இடைவேளை இருபது நிமிடம், ஒரு இடியப்பத்தைப் பிய்த்து அவசரமாக நாலு வாய் போட்டேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் கல் வைத்தது போல் அடைத்தது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறியது. கழிவறையில் நின்று அதைத் துப்பித் துப்பி, கடைசியில் சத்தி வந்த பிறகுதான் மூச்சு வந்தது. அடுத்த பாடம் ஒன்பதாம் வகுப்பு. கண் சிவந்து போய் நின்ற என்னைப் பார்த்து, "ரீச்சர், அழுதனீங்களோ?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அன்றிலிருந்து வீட்டிலும் பாடசாலையிலும் ஒரு வாய்க்கு இருபது மெல்லு, கரண்டியைக் கீழே வை, பிறகு அடுத்த வாய். மாப்பண்டங்கள்தான் இப்படி உருண்டு அடைக்கும். பாண் இன்றைக்கும் எனக்கு ஒத்துவராது. புட்டு ஏழாம் மாதத்துக்குப் பிறகு, அதுவும் குரக்கன் புட்டு, ஒரு பிடி.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஏதோ ஒரு நாள் சத்தி எடுப்பது வேறு, நாட்கணக்கில் தொடர்ந்து சத்தி எடுப்பது வேறு. தொடர்ந்தால் விற்றமின் பி1 குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும். தண்ணீரே தங்கவில்லை என்றால் கசாயம் காய்ச்சிக்கொண்டு வீட்டில் இருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். காய்ச்சலோடு வயிற்றுவலியும் நெஞ்சுப் படபடப்பும் வந்தாலும் அப்படித்தான், தையலில் கசிவு இருக்கலாம்.

இன்சுலின் முதல் வாரத்திலேயே நின்றது, சீனிக் குளிசையும் பாதியாகக் குறைந்தது. ஆனால் குளிசைப் பெட்டி காலியாகவில்லை. மல்ரிவிற்றமின், கல்சியம், விற்றமின் டி, பி12, இரும்புச்சத்து, ஆறு மாதத்துக்கு அமிலம் குறைக்கிற குளிசை. இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாகப் போடக்கூடாது, இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். தேத்தண்ணி இரும்பு சேர்வதைத் தடுக்கும். இது தெரியாமல் காலைப் பிளேன்ரீயோடு இரும்புக் குளிசை போட்டுக்கொண்டிருந்தேன். ஆறாம் மாத இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2. நேரத்தை மாற்றி, தேசிக்காய்த் தண்ணீரோடு போட்ட பிறகு ஏறியது. முழங்கால் வலிக்கு முன்பு போட்ட டைக்குளோபெனாக் போன்ற குளிசைகள் இனி இல்லை, புண் வரும். பரசிற்றமோல் மட்டும்.

நாலாம் மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. குளியலறை வாய்க்கால் அடைத்துக்கொள்ளும் அளவுக்கு. திடீரென எடை இறங்கினால் வருவது, சில மாதங்களில் நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். நின்றது. நெற்றியில் குட்டை முடி முளைத்து முள்ளம்பன்றி போல நிற்கிறது இப்போது.

ஆட்கள்தான் முடியைவிடச் சிரமம். யாருக்கும் உண்மையைச் சொல்லவில்லை. பித்தப்பையில் கல் எடுத்தது என்றுதான் சொன்னோம். (வேகமாக மெலிந்தால் உண்மையிலேயே பித்தக்கல் வரலாம். அதைத் தடுக்கவும் ஆறு மாதம் குளிசை போட்டேன். பொய்யும் மெய்யும் பக்கத்தில் பக்கத்தில்.) எங்கள் ஊரில் மெலிவது என்றால் வருத்தம். "என்ன பிள்ளை, கண்ணெல்லாம் உள்ள போட்டுது, என்ன வருத்தம், மறைக்காமச் சொல்லு" என்று மாமி வந்தபோதெல்லாம் கேட்டார். போகிற வீட்டில் சாப்பிடாவிட்டால் கோபம், கொஞ்சம் சாப்பிட்டால் "கறி நல்லா இல்லையோ?"

நல்லூர்த் திருவிழாவில் ஒரு தண்ணீர்ப்பந்தலில் மறுக்க முடியாமல் ஒரு கப் சர்பத் வாங்கினேன். வெயில் வேறு, வேகமாகக் குடித்துவிட்டேன். கால் மணித்தியாலத்துக்குள் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, கண் இருண்டு, கோயில் வீதி மணலில் அப்படியே இருந்துவிட்டேன். சீனித் தண்ணீர் குடலுக்குள் சட்டென்று இறங்குவதால் வருகிறது. இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்குத்தான் அதிகம், என்னைப் போன்ற சிலருக்கும் வருவதுண்டு. "விரதம் இருந்ததோ பிள்ளை?" என்று பக்கத்தில் ஒரு அம்மா விசிறினார். ஓம் என்றேன். சாமி மன்னிக்கட்டும்.

பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியல் கூழ் ஏழாம் மாதம். பனையோலைப் பிளாவில் பாதி கூட இல்லை. நண்டையும் மீனையும் பொறுக்கித் தின்றுவிட்டு, கூழில் நாலு மிடறு. உறைப்பில் கண் கலங்கியது, உறைப்பால் மட்டும் என்று சொல்லமாட்டேன்.

எட்டாம் மாதம் பசி திரும்பி வந்தது. சொல்லி வைத்தது போல் பதினொரு மணிக்கு. வயிறு பழையபடி பெருத்துவிட்டதோ என்று பயந்தேன். டொக்டர் இது வழமைதான் என்றார், இனித்தான் உங்கள் வேலை தொடங்குகிறது என்றும் சொன்னார். இப்போது பின்னேரங்களில் பண்ணைக் கடற்கரையில் நாற்பது நிமிடம் நடக்கிறேன். இன்று காலை 82 கிலோ.

போன கிழமை அப்பாவின் திவசம். இலையில் அரைக் கரண்டி சோறு, பருப்பு, கத்தரிக்காய், தயிர். பருப்பில் தொடங்கி, சோற்றுக்கு வரும்போதே நிறைந்துவிட்டது. மாமி இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு அலுத்துவிட்டது. கை கழுவப் போன இடத்தில், கிணற்றடியில் வைத்து, "மாமி, பித்தக்கல் இல்லை, இரைப்பையைத்தான் வெட்டினது" என்று சொல்லிவிட்டேன்.

மாமி ஒன்றும் பேசவில்லை. வாளியை இறக்கி வைத்துவிட்டு, யாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "எங்கட சின்னவளும் நூறைத் தாண்டிட்டாள். கலியாணப் பேச்சும் சரிவரேல்லை, சீனியும் தொடங்கிட்டுது. என்ன சாப்பிடவேணும் எண்டு ஏதும் எழுதித் தந்தவையோ?" என்று கேட்டார்.

அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். மடிப்பெல்லாம் கிழிந்து, ஒரு மூலையில் மஞ்சள் கறை. டொக்டரிடம் காட்டித்தான் எதையும் செய்யவேண்டும் என்று சொல்லி, சந்தியில் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தேன். மாமி ஆங்கிலத்தைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் இருந்த என் கையெழுத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்துவிட்டு, "சுறா வறைக்குத் தேங்காய்ப்பூ எவ்வளவு?" என்றார்.