கப்பித்தான் பள்ளியில் ஒரு லுஹர்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் காதர் மொஹிதீன் 1801ஆம் ஆண்டு நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சிறு வயதில் வாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஜும்ஆவுக்குப் போன இடம். சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள், பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டு தவ்பாச் செய்ய வேண்டும் என்ற ஒரே நிய்யத்தோடு அங்கே தனியாகப் போனேன்.

வாப்பா வஃபாத்தானபோது விட்டுச்சென்றது 30,000 ரிங்கிட். உம்மா முன்பே மவுத்தாகிவிட்டதால் வாரிசுகள் நானும் தங்கையும்தான். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற மார்க்கச் சட்டப்படி அவளுக்குச் சேர வேண்டிய 10,000 ரிங்கிட்டையும் என் கடையில் போட்டு, அடுத்த மாதம் கொடுக்கலாம் என்றே நான்கு ஆண்டுகளைக் கடத்திவிட்டேன். அவள் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.

தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்யும் முஃமினின், அதாவது இறைநம்பிக்கையாளரின், கைகள் செய்த பாவங்கள் நீரின் கடைசித் துளியோடு வெளியேறுகின்றன என்ற ஹதீஸ் (நபிமொழி) நினைவுக்கு வர, முழங்கையிலிருந்து அந்தத் துளி விழும்வரை கையை நீட்டியபடியே இருந்தேன். லுஹர் எனும் நண்பகல் தொழுகைக்குப் பின் இரண்டு ரக்அத் தொழுதேன். "அல்லாஹ்வின் ரஹ்மத்தில் (அருளில்) நம்பிக்கை இழக்காதீர்கள்" என்னும் ஸூரா ஸுமரின் 53ஆம் ஆயத்தை ஓதியபோது அழுகை வந்தது. ஆனால் ஸஜ்தாவில் நெற்றி பதிந்த பின்னும் நெஞ்சின் பாரம் இறங்கவில்லை.

ஓரமாக அமர்ந்திருந்த மார்க்க அறிஞரான ஹஜ்ரத் ஒருவரிடம் சொன்னேன். பாவத்தை விடுதல், வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்றோடு, அடியாரின் ஹக், அதாவது மற்றொருவரின் உரிமை, சம்பந்தப்பட்டிருந்தால் அதை உரியவரிடம் சேர்ப்பதும் தவ்பாவின் நிபந்தனை என்றார். தீனார், திர்ஹம் என்ற காசுகள் பயன்படாத மறுமை நாள் வருமுன், அநீதி இழைக்கப்பட்டவரிடம் இன்றே மன்னிப்புப் பெற்று ஹலாலாக்கிக்கொள்ளச் சொல்லும் புகாரி தொகுப்பின் ஹதீஸையும் எடுத்துரைத்தார். அந்த நாளில் கடன் நன்மைகளால் தீர்க்கப்படும். நன்மை இல்லையென்றால் அவருடைய பாவங்கள் நம்மீது சுமத்தப்படும். "தங்கச்சி ஹக்கை தங்கச்சிகிட்டதான் கேக்கணும் பாய்," என்றார்.

மறுநாள் வங்கியில் பணத்தை எடுத்துக்கொண்டு ஃபெரியில் பட்டர்வொர்த் போனேன். "வாங்கண்ணே, அஸர் தொழுதாச்சா?" என்று தங்கை கதவைத் திறந்தாள். உறையை அவள் கையில் வைத்து, "நாலு வருஷம் வச்சிருந்ததையும் சேர்த்து ஹலாலாக்கிடும்மா," என்றேன்.

"வாப்பா காசா இதுண்ணே?" என்று கேட்டவள், அந்த உறையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.