பலாலி ஓடுபாதையும் அப்பப்பாவும்

லண்டனில இருக்கிற அக்கான்ர மகன் ஆர்ஏஎஃப் பெனவலண்ட் ஃபண்டுக்கு காசு சேர்க்க ஓடப்போறானாம், பழைய பிரிட்டிஷ் விமானப்படைக்காரருக்கும் அவையின்ர குடும்பங்களுக்கும் உதவுற நிதியம், 1919ல தொடங்கினது. கேட்ட உடனை அப்பப்பா தான் ஞாபகம் வந்தார். ரெண்டாம் உலக யுத்தத்துக்கை பிரிட்டிஷ்காரர் யாழ்ப்பாணம் பலாலியில விமான ஓடுபாதை போடேக்க கல்லு சுமந்த மனுசன், 1942 ஏப்ரலில கொழும்பிலயும் திருகோணமலையிலயும் ஜப்பான்காரன் குண்டு போட்ட கதையை சாகுமட்டும் சொல்லுவார். குண்டு போட வந்த ஜப்பான் கப்பல்களை முதல் கண்டு வயர்லெஸ்ஸில அறிவிச்சது காலிக்குக் கிட்ட கொக்கலையில இருந்து பறந்த கனடாக்கார விமானி பேர்ச்சால், அறிவிக்கேக்கையே சுட்டு விழுத்திப்போட்டாங்கள், யுத்தம் முடியுமட்டும் மனுசன் ஜப்பானில சிறை. என்னால ஏலுமானதை அனுப்பிட்டன், வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்களும் பத்து பவுண்ட் எண்டாலும் போடுங்கோ. பலாலியில வேலை செய்த அப்பப்பாமாரின்ர படம் ஆரிட்டையும் இருந்தா ஸ்கேன் பண்ணி வையுங்கோ, எங்கட வீட்டுப்படம் இடம்பெயரேக்க துலைஞ்சு போச்சு.